பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்கிற சொல்லாடல்: எய்ட்ஸ் கால நியூயார்க்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

'பேசிக்கிட்டு இருக்க இது நேரமில்லை' என்கிற வாக்கியத்தை எந்த நெருக்கடியிலும் முதலில் உச்சரிப்பது அதிகாரம்தான். வெள்ளம், போர், கொள்ளைநோய் எதுவானாலும் இந்த வாக்கியம் கைவசம் தயாராக இருக்கிறது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் ஒரு நாட்டையே பூட்டினார்கள். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் போனவர்களையும், போய்ச் சேராதவர்களையும் நாம் மறந்துவிடவில்லை. ஊரடங்கு தேவையா இல்லையா என்பதல்ல இங்கே என் கேள்வி. அந்த முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர்கள், முடிவு எடுக்கப்பட்ட அறையில் ஏன் இல்லை என்பதே கேள்வி.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். விஷயம் சிக்கலானது, நிபுணர்களுக்குத்தான் புரியும் என்பது ஒன்று. கூடிப் பேசினால் தாமதமாகும், தாமதமானால் ஆள் சாவான் என்பது இன்னொன்று. அரசு இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நம் இயக்கத் தோழர்களும் இதையே நம்புகிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. செயற்குழு முடிவெடுக்கும், பொதுக்குழு கைதூக்கும் என்பது நமக்கும் பழகிப்போன சடங்குதானே.

இந்த இரண்டு பதில்களையும் 1980களின் நியூயார்க்கில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே, உண்மையிலேயே நேரமில்லாதவர்கள் வாராவாரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார்கள்.

1

1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் ஐந்து பேருக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றியது அது. பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயரிடப்பட்ட நோயின் முதல் பதிவு. 1987 மத்தியில் அந்த நாட்டில் மட்டும் செத்தவர்கள் 20,000 பேருக்கு மேல். தன்பாலீர்ப்பு ஆண்களும், ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொள்பவர்களும், கறுப்பின, ஹிஸ்பானிய ஏழைகளும் அதிகமாகச் செத்தார்கள். சாகட்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அவசரப்படாமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு புதிய மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்கு வர ஏழு முதல் பத்து வருஷம் என்பது அன்றைய கணக்கு. நோய் கண்டவருக்கு மிஞ்சியிருந்ததோ பெரும்பாலும் ஓரிரு வருஷம்.

ஆக, நெருக்கடி என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. 2020இல் நேரமே இல்லை என்ற அரசு யந்திரம், வேறொரு நாட்டில், வேறொரு நோயின்போது நிறைய நேரம் இருப்பதாக நடந்துகொண்டது. எது அவசரம், எது அவசரமில்லை என்று வரையறுப்பதே முதல் அதிகாரச் செயல்பாடு. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் நோயாளிகள்தான். 1983இல் டென்வர் நகரில் கூடிய சிலர், தங்களைப் பலியானவர்கள் என்று அழைக்கக் கூடாது என்றார்கள். எய்ட்ஸோடு வாழும் மனிதர்கள் என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். முடிவெடுக்கும் எல்லா மட்டங்களிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அறிவும் அதிகாரமும் பின்னிக்கிடப்பதைப் பற்றி எழுதிய ஃபூக்கோ 1984 ஜூனில் பாரிசில் இதே நோயால் செத்தார். நம் சிறுபத்திரிகைகளில் அவரை எவ்வளவோ மேற்கோள் காட்டியாயிற்று. அவர் பேசிய பிரச்சினையை டென்வர்க்காரர்கள் தங்கள் உடம்பிலிருந்தே கண்டுபிடித்தார்கள் என்பதைப் பேசியது குறைவு.

2

1987 மார்ச்சில் லாரி கிரேமர் என்ற எழுத்தாளரின் ஆவேசமான ஓர் உரையைத் தொடர்ந்து நியூயார்க்கில் உருவானது ஆக்ட் அப் அமைப்பு. அதே மாதம் ஏஇசட்டி என்ற முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 282 பேரிடம் நடத்திய சோதனையில் வெற்று மாத்திரை தின்றவர்களில் 19 பேரும், மருந்து தின்றவர்களில் ஒருவரும் செத்ததால் சோதனையை 1986இல் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த 19 பேரின் சாவு விஞ்ஞானத்துக்குத் தேவைப்பட்ட ஆதாரம். அந்த ஆதாரம் எப்படிச் சேகரிக்கப்பட வேண்டும் என்பதில் சாகப்போகிறவனுக்குப் பேச்சு உண்டா? ஆக்ட் அப்பின் அடிப்படைக் கேள்வி இது.

கோபம் மட்டும் இருந்திருந்தால் கோஷத்தோடு நின்றிருக்கும். மருந்து நிறுவனங்களில் வேலை பார்த்த ஐரிஸ் லாங் என்ற வேதியியலாளர் வந்து, மருந்துச் சோதனை எப்படி நடக்கிறது, கோப்பு எந்த மேசையில் தேங்குகிறது என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள், வேலை போனவர்கள் எல்லாம் நோயெதிர்ப்பியல் படித்தார்கள். கலைச்சொல் பட்டியல் தயாரித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 1988 அக்டோபர் 11 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏ அலுவலகத்தை முற்றுகையிட்டபோது, அவர்கள் கையில் கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. சோதனைக்குள் வர முடியாத நோயாளிகளுக்கு, சோதனை நடக்கும்போதே பக்கவாட்டில் இன்னொரு வழியாக மருந்து கொடுங்கள் என்பது அவர்களில் ஒருவரான ஜிம் ஐகோ முன்வைத்த யோசனை. 1989இல் ஆண்டனி ஃபௌச்சி இதை ஏற்றுக்கொண்டார். அதுவரை அந்தப் போராளிகளின் வசைக்கு ஆளாகியிருந்த அரசு விஞ்ஞானி அவர்.

ஆக முதல் பதில் அடிபடுகிறது. சிக்கலான விஷயம் பாமரனுக்குப் புரியாது என்பது, யாரும் அவனுக்குச் சொல்லித் தராதவரைக்கும்தான் உண்மை.

3

இரண்டாவது பதில்: கூடிப் பேசினால் தாமதம். ஆக்ட் அப் திங்கள்கிழமை இரவுகளில் கூடியது. சில நூறு பேர். யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம். போலீஸ்காரர் யாராவது இருந்தால் சட்டப்படி சொல்லிவிடுங்கள் என்ற அறிவிப்போடு கூட்டம் தொடங்கும். தலைவர் கிடையாது. பேச்சை ஒழுங்குபடுத்த இரண்டு பேர், அவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. கத்தல், அழுகை, இந்த வாரம் செத்தவர்களின் பெயர்களும் உண்டு.

இப்படி ஒரு சந்தைக்கூட்டம் வேகமாகச் செயல்பட்டது எப்படி? அந்த அமைப்பில் இருந்தவரும் 2021இல் அதன் வரலாற்றை விரிவாக எழுதியவருமான சாரா ஷுல்மன் தரும் விளக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் கருத்தொற்றுமையைத் தேடவில்லை. உனக்கு ஒரு செயல்பாடு பிடிக்கவில்லையா, நீ அதில் சேராதே, உனக்குச் சரியென்று பட்டதை நீ செய். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த சிறுசிறு குழுக்கள் தாங்களாகவே திட்டமிட்டன. 1989 செப்டம்பர் 14 அன்று ஏழு பேர் நியூயார்க் பங்குச்சந்தைக்குள் போலி அடையாள அட்டையோடு நுழைந்தார்கள், அவர்களில் சிலர் மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஏறத்தாழ 8,000 டாலர் என்றிருந்த ஏஇசட்டியின் விலையை, நான்கே நாளில் பர்ரோஸ் வெல்கம் நிறுவனம் 20 சதவீதம் குறைத்தது. பொதுக்குழுவில் வைத்து வரிவரியாகத் திருத்தம் கொண்டுவந்து நடத்தக்கூடிய காரியமா இது?

நம் அமைப்புகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். எல்லோரும் ஒரே மாதிரிச் சிந்திக்கும்வரை எதுவும் நடக்காது. நடந்த பிறகு யாரும் வேறு மாதிரிப் பேசக்கூடாது. கட்டுப்பாடு என்று இதற்குப் பெயர். தாமதத்துக்குக் காரணம் பேச்சல்ல, எல்லாப் பேச்சும் ஒற்றை முடிவில் போய் முடிந்தாக வேண்டும் என்கிற பிடிவாதம்தான்.

இதற்கும் விலை உண்டு. 1989 டிசம்பர் 10 அன்று செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் முன் பல ஆயிரம் பேர் திரண்டார்கள். உள்ளே பூசையின்போது ஓசையில்லாமல் தரையில் பிணம்போல் கிடப்பது என்று திட்டம். சிலர் எழுந்து கத்தினார்கள். ஒருவர் நற்கருணை அப்பத்தை நொறுக்கிப் போட்டார். ஆணுறைப் பிரச்சாரத்தைத் திருச்சபை எதிர்ப்பது பற்றிய பேச்சு பின்னுக்குப் போய், மறுநாள் நொறுங்கிய அப்பமே செய்தியாயிற்று. ஒருவரின் செயலுக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

4

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 'நீ உன் வழி, நான் என் வழி' என்பது வழிகள் பல இருக்கும்வரை சரி. ஒரே ஒரு கதவு இருந்து, அதில் சிலர் மட்டும் நுழைய முடிந்தால்?

மருந்துச் சோதனைகளைப் படித்துத் தேர்ந்தவர்களை அரசு விஞ்ஞானிகள் தங்கள் குழுக்களுக்குள் அழைத்துக்கொண்டார்கள். அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் படித்த வெள்ளை ஆண்கள். அவர்களில் பலருக்கும் நோய் இருந்தது, சுயலாபத்துக்காகப் போனார்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் அதே அமைப்பில் பெண்கள் வேறொரு போராட்டத்தில் இருந்தார்கள். எய்ட்ஸின் அரசு வரையறை ஆண் உடம்பில் கண்ட அறிகுறிகளை வைத்து எழுதப்பட்டது. பெண்கள் வேறு அறிகுறிகளோடு செத்தார்கள், வரையறைக்குள் வராததால் உதவித்தொகை கிடைக்கவில்லை. 1993 ஜனவரி 1 முதல்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய் உள்ளிட்டவை வரையறையில் சேர்ந்தன. சிறையில் இருந்தபோதே இதற்காகப் பேசத் தொடங்கிய கத்ரினா ஹேஸ்லிப் அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1992 டிசம்பரில் செத்துப்போனார்.

076 என்று எண்ணிட்ட சோதனையில் மோதல் வெடித்தது. கர்ப்பிணிகளுக்கு ஏஇசட்டி கொடுத்து, குழந்தைக்கு நோய் போகாமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பது அது. குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு என்ன ஆகும், அவள் வெறும் பாத்திரம்தானா என்று பெண்கள் கேட்டார்கள், சோதனையை எதிர்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. குழந்தைக்குத் தொற்றுவது 100க்கு 25 என்ற அளவிலிருந்து 8 ஆகக் குறைந்தது. உலகம் முழுக்கப் பல குழந்தைகளைக் காப்பாற்றிய வழிக்கு இதுவே தொடக்கம். அப்படியானால் அந்தப் பெண்கள் கேட்டது தப்பா? இல்லை என்றே நினைக்கிறேன். 'குழந்தை பிழைக்குமா' என்ற கேள்விக்கு வந்த பதில், 'தாயை என்ன செய்யப்போகிறீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. முதலாவது சோதனையில் தீரும். இரண்டாவதை எந்தப் புள்ளிவிவரமும் தீர்க்காது, அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

பேச முடியவில்லை. அரசு அதிகாரிகளோடு ஆறு மாதம் யாரும் பேசக்கூடாது என்று சிலர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் ஆறு மாதம் உயிரோடு இருப்பேனா என்று நோயாளிகள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் உயிர்தான். 1992 தொடக்கத்தில் மருந்து விஷயங்களைக் கவனித்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய், அழைப்பின் பேரில் மட்டும் ஆள் சேர்க்கும் தனிக்குழுவை அமைத்தார்கள். கட்டமைப்பு இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில் மறைவான மேட்டிமை உருவாகும் என்று ஜோ ஃப்ரீமன் 1970லேயே பெண்கள் இயக்கத்தை எச்சரித்திருந்தார். ஆக்ட் அப்பில் கட்டமைப்பு இருந்தது. ஆனாலும் அறிவைப் பொதுவில் பரப்பிய இடத்திலேயே அறிவு புதிதாக ஒரு மேல்தட்டை உண்டாக்கியது.

கதை இங்கே முடியவில்லை. அறிகுறி தெரியுமுன் ஏஇசட்டி தொடங்கியவர்கள் கூடுதலாக ஒன்றும் வாழவில்லை என்று 1993இல் கன்கார்ட் ஆய்வு காட்டியது. பிரிந்துபோனவர்கள் தங்கள் பழைய கோரிக்கையைத் தாங்களே திருப்பிப் பார்த்தார்கள். 1994இல் சாக்வினவீர் என்ற புதிய மருந்துக்கு அவசர ஒப்புதல் வேண்டாம், பெரிய சோதனை நடத்துங்கள் என்று எஃப்டிஏவிடம் கேட்டார்கள். 'சீக்கிரம்' என்று வாசலை மறித்தவர்கள் 'பொறு' என்றார்கள். மற்ற போராளிகள் துரோகம் என்றார்கள். 1995 டிசம்பரில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 1996 முதல் கூட்டுமருந்துச் சிகிச்சை சாவைக் குறைத்தது. யார் சொன்னது சரி என்பதைவிட, எடுத்த முடிவைத் திரும்பத் திறந்து பார்க்கும் துணிச்சல் அவர்களிடம் இருந்ததே எனக்கு முக்கியம்.

5

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1986இல் சென்னையில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் எடுத்த இரத்தத்தில்தான் இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. கண்டுபிடிப்பின் மருத்துவ மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. டென்வர் அறிக்கை வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நெருக்கடியில் முடிவெடுக்கும் எந்தக் குழுவும் தன்னிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தியே தீர வேண்டுமா, அல்லது வேறுவேறு குழுக்கள் வேறுவேறாகச் செய்ய விட்டுவிடலாமா? எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றால், முடிவு தப்பாகப் போனால் அதைச் சுமக்கப்போகிறவர்கள் இந்த அறையில், பேசும் உரிமையோடு இருக்கிறார்களா? நாளை புதிய உண்மை தெரிந்தால் இந்த முடிவைத் திறக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஆக்ட் அப் முதல் கேள்வியை அற்புதமாகக் கையாண்டது, இரண்டாவதில் உடைந்தது, மூன்றாவதை உடைந்த பிறகு கற்றுக்கொண்டது.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு மாலை போதும். சாகப்போகிறவர்களே அந்த மாலையை ஒதுக்கினார்கள். நம் சங்கங்களிலும் அமைப்புகளிலும் கடந்த பெருந்தொற்றின்போது முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன, யாரைக் கேட்டு எடுக்கப்பட்டன என்பதைத் தோழர்கள் எழுத வேண்டும். அடுத்த நோய் வருமுன் அந்த விவாதத்தைத் தொடங்கிவிடலாம்.