அத்தியும் ஒலிவமும்

வேதாகமம் ஒரு தோட்டத்திலே தொடங்கி ஒரு நகரத்திலே முடிகின்றது. ஆதித் தோட்டத்தின் நடுவே நின்ற ஜீவவிருட்சம், இறுதி நூலாகிய வெளிப்படுத்தலிலே அந்நகரத்தின் ஆற்றங்கரையில் மீண்டும் காட்சி தருகின்றது. திங்கள்தோறும் கனி கொடுக்கும் மரமாக, தன் இலைகளால் நாடுகளின் நோய் தீர்க்கும் மரமாக அது வருணிக்கப்படுகின்றது. இவ்விரு மரங்களுக்கும் இடையே, கல்வாரியில் நாட்டப்பெற்ற சிலுவையையும் ஆதித் திருச்சபையார் மரம் என்றே அழைத்தனர். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் 'க்ஸுலொன்' என்னும் ஒரே சொல் நிற்கும் மரத்தையும் குறிக்கும்; அறுத்த மரத்தையும் குறிக்கும். ஆங்கிலேயர் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொல் தேட வேண்டியிருக்க, தமிழருக்கு அந்தத் தொல்லை இல்லை. மாமரமும் மரம்; கதவு செய்யும் பலகையும் மரம். ஆகவே, விலக்கப்பட்ட மரத்தினால் வந்த கேடு சிலுவை மரத்தினால் நீங்கிற்று என்று பழைய கிறிஸ்தவ ஆசிரியர்கள் விளக்கியபோது, அவ்விளக்கம் நம் மொழியில் இயல்பாகவே வந்து அமைந்துவிடுகின்றது.

இவ்வளவும் ஞாயிறு பாடசாலையிற் கற்ற மாணவரும் அறிந்த செய்தியே. ஈண்டு யாம் எடுத்துக்கொள்ள விரும்புவன வேறு இரண்டு மரங்கள். ஒன்று அத்தி, மற்றொன்று ஒலிவம். இவற்றுக்குப் பொருள் கூறிய முறை பிரசங்க மேடையோடு நின்றுவிடவில்லை. ஒரு மக்களினத்தின் மானமும் உயிரும் அம்முறையினால் பாதிக்கப்பட்டன.

வேதாகமத்தில் மரம் எவ்வாறு பேசுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நியாயாதிபதிகள் நூலிலே யோதாம் என்னும் இளைஞன் சொன்ன கதை அதற்கு நல்ல சான்று. அபிமெலேக்கு என்பவன் தன் சகோதரர் எழுபதின்மரை ஒரே கல்லின்மேல் கொல்வித்துச் சீகேம் நகரில் அரசனாகின்றான். தப்பிப் பிழைத்த கடைக்குட்டியாகிய யோதாம், கெரிசீம் மலையுச்சியில் ஏறி நின்று நகரத்தாரை நோக்கிக் கதை கூறுகின்றான். மரங்கள் எல்லாம் கூடித் தமக்கோர் அரசனைத் தேடினவாம். ஒலிவத்தைக் கேட்டன, தன் எண்ணெய்யை விட்டு வர மனமில்லை என்றது அது. அத்தி தன் இனிமையை விட மறுத்தது. திராட்சை தன் இரசத்தை விட மறுத்தது. கடைசியில் முட்செடியைக் கேட்டன. அதுவோ உடனே இசைந்து, என் நிழலில் வந்து தங்குங்கள், மறுப்பீராயின் என்னிடமிருந்து எழும் தீ லீபனோனின் கேதுருக்களையும் எரித்துவிடும் என்றது. முட்செடிக்கு நிழல் ஏது! கனி கொடுப்பவற்றுக்கு வேலை இருக்கின்றது. வேலையற்றதே ஆள வருகின்றது. அரசியலைப் பற்றி இதனினும் கூரிய கதை பழைய இலக்கியங்களில் அரிது என்றே கூறலாம். இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: யோதாம் தன் சொந்த மக்களைப் பார்த்தே இதனைச் சொன்னான், அயலாரைப் பழிப்பதற்காகச் சொன்னானல்லன்.

இனி அத்திக்கு வருவோம். நம் நாட்டார் அத்தி என்றவுடன் அடிமரத்திலே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் மரத்தையே நினைப்பர். பலஸ்தீனத்து அத்தி அதுவன்று. நாம் சீமையத்தி என்று கூறுவதே அது. கை விரித்தாற்போன்ற அகன்ற இலையும், கிளை நுனிகளிலே தோன்றும் இனிய பழமும் உடையது. ஆதாமும் ஏவாளும் ஆடையாகத் தைத்தது இதன் இலையைத்தான். குள்ளனாகிய சகேயு இயேசுவைக் காண ஏறிய காட்டத்தியோ வேறு இனம். அதுவே அடிமரத்திற் காய்ப்பது, நம்மூர் அத்திக்குச் சாயலில் நெருங்கியது. எவ்வகை அத்தியானாலும் பூ மட்டும் வெளியே தெரிவதில்லை. காய்போலத் தோன்றும் உருண்டையின் உள்ளேயே பூக்கள் அடங்கியிருக்கும். அத்தி பூத்தாற்போல என்று நாம் அரிய நிகழ்ச்சியைக் கூறுவதன் காரணம் இதுவே.

அத்தி நிழல் யூதருக்குச் சமாதானத்தின் அடையாளம். அவனவன் தன் திராட்சைக் கொடியின் கீழும் அத்தியின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருப்பதே நல்லாட்சி என்று சாலொமோன் காலத்தைப் பற்றி எழுதினர். வருங்காலத்தைப் பற்றி மீகா தீர்க்கதரிசியும் அவ்வாறே உரைத்தார். அத்தகைய மரத்தையா இயேசு சபித்தார் என்று வாசகர் திகைப்பது இயல்பு. மாற்கு எழுதிய சுவிசேஷம் இதனைக் கூறுகின்றது. பஸ்காப் பண்டிகை நெருங்கிய நாட்கள். பெத்தானியாவிலிருந்து எருசலேமுக்கு வரும் வழியில் இலை நிறைந்த ஓர் அத்தியைக் கண்டு இயேசு அருகிற் செல்கின்றார், கனி இல்லை. அது அத்திப்பழக் காலமன்று என்றும் மாற்கு சொல்லிவிடுகின்றார். காலமல்லாத காலத்திற் பழம் தேடியது எவ்வாறு நியாயமாகும்?

அந்நாட்டு மரத்தை அறிந்தவர்க்கு ஓரளவு விடை கிடைக்கும். சீமையத்தி வசந்த காலத்தில் தளிர்க்கும்போதே சிறு பிஞ்சுகளையும் தோற்றுவிக்கும். முதிர்ந்த பழம் கோடையிலேதான் வரும். எனினும் இலை விரிந்த மரத்தில் பிஞ்சாவது இருத்தல் வேண்டும். இலை மிகுந்து பிஞ்சே இல்லாத மரம் அவ்வாண்டு மலடு. ஆயினும், மாற்கு இக்கதையை அமைத்த முறையே பெரிய விளக்கமாகும். மரம் சபிக்கப்பட்டதற்கும் அது வேரோடு பட்டுப்போனதைச் சீடர் கண்டதற்கும் இடையே, தேவாலயத்தில் வணிகரின் பலகைகளை இயேசு கவிழ்த்த நிகழ்ச்சியை அவர் வைத்திருக்கின்றார். வழிபாட்டின் ஆரவாரம் இருக்கின்றது, நீதியாகிய கனி இல்லை என்பதே கருத்து. எரேமியாவும் மீகாவும் பழமில்லாத அத்தியைக் காட்டித் தம் மக்களைக் கடிந்திருக்கின்றனர். அத்தீர்க்கதரிசிகளின் மரபில் நின்று, யூதராகிய இயேசு யூதரின் ஆலயத்தை நோக்கி விடுத்த கண்டனம் இது.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இச்சாபக் கதை காணப்படவில்லை. அங்கே இருப்பது ஓர் உவமை. மூன்று ஆண்டு கனியற்ற அத்தியை வெட்டிவிடு என்கின்றான் சொந்தக்காரன். தோட்டக்காரனோ, ஐயா, இன்னும் ஓராண்டு பொறுத்தருளும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகின்றேன் என்று இரந்து நிற்கின்றான். மரம் பின்பு காய்த்ததா என்று லூக்கா சொல்லவில்லை. இத்தோட்டக்காரனைப் பற்றிப் பிரசங்கிகள் இன்னும் அடிக்கடி பேசியிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

நடந்தது வேறு. கிறிஸ்தவத் திருச்சபை காலப்போக்கில் முற்றும் யூதரல்லாதாரின் சபையாயிற்று. கி. பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அதன்பின் வந்த கிறிஸ்தவ உரைகாரர் பலர், பட்ட அத்தி என்பது யூத இனமே என்று பொருள் எழுதினர். ஒரே சொல், சொல்பவர் மாறியவுடன் வேறு சொல்லாகிவிடுகின்றது. தாய் தன் மகனைக் கடிந்துகொண்ட வார்த்தையை அயலவன் எடுத்துத் தெருவிலே கூவினால் அதற்குக் கண்டிப்பு என்றா பெயர்? 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தன. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் யூதரை நாடு கடத்தின. இவற்றுக்கெல்லாம் ஒரு மரத்தின் விளக்கமே காரணம் என்பது மிகை. பொருளாசையும் அரசியலும் அங்கே நிறைய இருந்தன. ஆனால், கடவுளாற் சபிக்கப்பட்ட இனம் என்னும் எண்ணம் கொலைஞரின் மனச்சாட்சியை உறங்கச் செய்யப் பெரிதும் உதவிற்று.

வேடிக்கை யாதெனில், இதற்கு மாற்றாகிய மரமும் அதே புதிய ஏற்பாட்டில் நின்றுகொண்டிருந்தது. அதுவே ஒலிவம்.

நம் நாட்டில் ஒலிவம் இல்லை. சிங்களத்தில் வெரளு என வழங்கும் காயை ஆங்கிலேயர் சிலோன் ஒலிவ் என்றனர். அது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மை ஒலிவம் மத்தியதரைக் கடலின் மரம். ஆறு மாத வறட்சியைப் பொறுக்கும், கல் நிலத்தில் வேரூன்றும், நூற்றாண்டுகள் வாழும். உணவு, விளக்கு, மருந்து, அபிஷேகம் யாவும் அதன் எண்ணெய்யால் நடந்தன. கிறிஸ்து என்னும் சொல்லுக்கே அபிஷேகம் பெற்றவர் என்பது பொருள். அவ்வெண்ணெய் ஒலிவ எண்ணெய். முதிர்ந்த ஒலிவத்தின் அடியைச் சுற்றி இளங்கன்றுகள் முளைத்து நிற்கும். உணவுப் பந்தியைச் சூழ்ந்திருக்கும் பிள்ளைகளை 128ஆம் சங்கீதம் அக்கன்றுகளுக்கு ஒப்பிடுகின்றது. தாய்மரத்தை வெட்டினாலும் வேர் மீண்டும் தளிர்க்கும்.

பவுல் உரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இம்மரத்தை எடுத்துக்கொள்கின்றார். உரோமாபுரியிலிருந்து யூதரைக் கிளாடியுஸ் பேரரசர் வெளியேற்றியிருந்தார். அவர் 54இல் இறந்தபின் அவர்கள் திரும்பத் தொடங்கினர். அதற்குள் அங்கிருந்த கிறிஸ்தவ சபையில் யூதரல்லாதாரின் கை ஓங்கிவிட்டது. திரும்பி வந்தோரை அவர்கள் இளக்காரமாக நோக்கினர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அவர்களை நோக்கியே பவுல் பேசுகின்றார். நல்ல ஒலிவத்திலிருந்து சில கிளைகள் முறிக்கப்பட்டது உண்மை. நீயோ காட்டொலிவின் கிளை. அந்த நல்ல வேரின் சாரத்தைப் பெறும்படி ஒட்டப்பட்டாய். வேர் உன்னைத் தாங்குகின்றதேயன்றி நீ வேரைத் தாங்கவில்லை. சொந்தக் கிளைகளையே தப்பவிடாதவர் உன்னையும் தப்பவிடார். முறிந்த கிளைகளை மீண்டும் ஒட்டவைக்கவும் அவர் வல்லவர். சுருங்கச் சொன்னால் அவர் கருத்து இதுவே.

யாழ்ப்பாணத்தில் மாங்கன்று ஒட்டுவோர் இவ்விடத்திற் சற்றே நின்றுவிடுவர். நாட்டு மாங்கன்றின் அடியிலே கறுத்தக்கொழும்பானின் கிளையை ஒட்டுவதே முறை. அடி முரடாயிருக்கலாம், கனி தரும் கிளை உயர்ந்ததாயிருத்தல் வேண்டும். பவுலோ உயர்ந்த அடியிற் காட்டுக் கிளையை ஒட்டுகின்றார்! நகரத்தில் வளர்ந்து கூடாரத் தொழில் செய்தவருக்குத் தோட்ட வேலை எங்கே தெரியும் என்று நகைத்தவருமுண்டு. ஆனால், அதே நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய உரோமராகிய கொலுமெல்லா, காய்ப்புக் குன்றிய ஒலிவத்தில் துளையிட்டுக் காட்டொலிவின் பசுங்கிளையைச் செருகினால் மரம் ஊக்கம் பெறும் என்று எழுதியிருக்கின்றார். ஆகவே, அத்தகைய வழக்கம் அக்காலத்தில் இருந்தது. எனினும், இவ்வொட்டு இயற்கைக்கு மாறானது என்று பவுலே வெளிப்படையாகக் கூறுகின்றார். மாறாக இருப்பதுதான் அவர் கருத்து என்று எமக்குத் தோன்றுகின்றது. தகுதியால் ஒட்டப்பட்ட கிளை அதுவன்று. பெருமை பேச அதற்கு இடமே இல்லை.

இவ்வளவு தெளிவான எச்சரிக்கை பல நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. அதனைக் கேட்கச் செய்தவர்களுள் ஒருவர் யூல் இசாக் என்னும் பிரெஞ்சு நாட்டு யூத வரலாற்றாசிரியர். பிரான்ஸிற் பல தலைமுறை மாணவர் இவர் எழுதிய வரலாற்றுப் பாடநூல்களைக் கற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது இவருடைய மனைவியையும் மகளையும் நாஸிகள் பிடித்துச் சென்றனர். இருவரும் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டனர். அறுபது இலட்சம் யூதர் அழிக்கப்பட்ட அப்பேரழிவின் நடுவே, தலைமறைவாய் இருந்துகொண்டு, இயேசுவும் இஸ்ரவேலும் என்னும் நூலை எழுதினார் இசாக். சுவிசேஷங்கள் கூறுவது ஒன்று, கிறிஸ்தவர் கற்பித்தது வேறொன்று என்பதே அந்நூலின் வாதம். 1948இல் அது வெளியாயிற்று. 1960 யூன் 13ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், பாப்பரசர் 23ஆம் அருளப்பரை உரோமையிற் கண்டு, யூதரைப் பற்றிய போதனையைத் திருத்துமாறு வேண்டினார். 1963இல் அவர் காலமானார்.

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. சங்கத்தில் ஆதரவாக 2221 வாக்குகளும் எதிராக 88 வாக்குகளும் கிடைத்தன. யூதரைக் கடவுள் தள்ளிவிட்டார் என்றோ சபித்துவிட்டார் என்றோ வேதாகமத்தின் பெயரால் யாரும் கற்பித்தலாகாது என்று அவ்வறிக்கை கூறிற்று. அதற்கு ஆதாரமாக அது நினைவூட்டிய படிமங்களுள் ஒன்று பவுலின் ஒலிவ மரம்: நல்ல வேரும் அதில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைகளும்.

எருசலேமுக்குக் கிழக்கே ஒலிவ மலையடிவாரத்தில் கெத்சமனே என்னும் தோட்டம் இருக்கின்றது. அப்பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்பது பொருள். இயேசு பிடிபடுமுன் இரத்த வேர்வை சிந்தி வேண்டிய இடமாக யாத்திரிகர் அதனைக் காண்கின்றனர். அங்கே முதிய ஒலிவங்கள் எட்டு நிற்கின்றன. எருசலேமை முற்றுகையிட்ட தீத்து நகரைச் சூழவிருந்த மரங்களை எல்லாம் வெட்டுவித்தான் என்று ஜொசீபஸ் எழுதியிருக்கின்றார். முற்றுகையிலும் கனிமரங்களை வெட்டலாகாது என்பது மோசேயின் சட்டம். உரோமருக்கு அச்சட்டம் இல்லை. 2012இல் இத்தாலிய விஞ்ஞானிகள் அவ்வெட்டு மரங்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். வயது கணிக்க இயன்ற மூன்று மரங்களின் அடித்தண்டுகள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தரைக்கு மேலேயுள்ள தண்டின் வயது மட்டுமே அது. வேர்கள் இன்னும் பழையனவாயிருத்தல் கூடும். எட்டு மரங்களின் மரபணுக்களையும் அவர்கள் ஒப்பிட்டு நோக்கினர். அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன. எட்டும் ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்து நட்ட கிளைகளின் வழிவந்தவை.