வேம்பு பூக்கும் காலத்துத் தேன்பெட்டி

மாசி மாதக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும்பொழுது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில் புங்கமரங்கள் பழைய இலையை உதிர்த்துத் தளிர்விடத் தொடங்கும். பங்குனியில் வேம்பு பூக்கும். சித்திரையில் ஸ்ரீரங்கத்துத் தேர் ஓடும் நாட்களில் விடியற்காலையில் கொல்லைப்புறம் சென்றால், உதிர்ந்த பூ காலடியில் வெண்மையாய்க் கிடக்க, மரத்துக்குமேல் மழை இரைவதுபோன்ற ஓர் ஓசை கேட்கும். அது தேனீக்களின் வேலை ஓசை. நெல்லுக்குத் தை மாதம் எப்படியோ, எங்கள் பக்கத்துத் தேனுக்குப் பங்குனியும் சித்திரையும் அப்படியே.

எங்கள் கொல்லையில் ஐந்து பெட்டிகள் உள்ளன. இதைப் பண்ணை என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும், ‘இத்தொழில் நமக்கு ஒத்துவருமா?’ என்று விவசாய அங்கத்தினர்களும் நெசவாளர் அங்கத்தினர்களும் அடிக்கடி வினவுவதால், அனுபவத்தில் கண்டவற்றை எழுதத் துணிந்தேன். நிலமில்லாதவரும் செய்யக்கூடிய உபதொழில் இது. தறியில் அமர்ந்திருப்பவர் வாரத்துக்கு ஒரு முறை சில நாழிகை ஒதுக்கினால் இரண்டு பெட்டிகளைப் பராமரித்துவிடலாம். மேய்ச்சல் ஊரார் தோட்டத்தில், கூலி கேட்பாரில்லை.

நாம் பயன்படுத்தும் பெட்டி நம் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடையது என்பதை அங்கத்தினர்களில் பலர் அறியார். அமெரிக்க நாட்டுப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் என்பவர் 1851ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள சந்தினைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவைக்கின்றன. அதில் அடை கட்டுவதுமில்லை, பிசினால் அடைப்பதுமில்லை. அச்சந்தினை விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், அடையை நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் அவருடைய பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்ற அளவினது. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் குடியிருக்கும் நம் நாட்டு அடுக்குத் தேனீயோ உருவில் சிறியது. அதன் குடும்பமும் சிறியது. பெரிய வீட்டில் குடிவைத்தால் அது நிலைப்பதில்லை.

திருச்சி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த அருட்தந்தை நியூட்டன் அவர்கள் நம் தேனீக்கு ஏற்றபடி பெட்டியைச் சுருக்கி அமைத்தார். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சட்டங்கள் கீழறையில். உயரம் குறைந்த சட்டங்கள் மேலறையில். 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தார் பலருக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். அப்பெட்டி இன்றும் ‘நியூட்டன் பெட்டி’ என்றே வழங்குகிறது. பின்னர் தெற்கே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம நிர்மாண நிலையம் இதைக் குடிசைத் தொழிலாக வளர்த்தது. தேனைக் கூட்டாகச் சேர்த்து விற்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியது.

கீழறை குஞ்சு வளர்க்கும் அறை, மேலறை தேன் சேமிக்கும் அறை என்ற பிரிவினையே இப்பெட்டியின் உயிர்நாடி. முன்னாளில் பொந்தைப் புகைத்து, அடை முழுவதையும் பிய்த்துப் பிழிந்தார்கள். புழுவும் மகரந்தமும் சேர்ந்து நசுங்கிய அத்தேன் விரைவில் புளித்தது, குடும்பமும் அழிந்தது. நியூட்டன் பெட்டியில் மேலறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இனி, வேனிற்கால வேலைகளைச் சொல்கிறேன். பங்குனியில் குடும்பம் பெருகும்பொழுது அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைக் காய் தொங்குவதுபோல் ராணி அறைகள் தோன்றும். கவனியாது விட்டால், பழைய ராணி பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஒருநாள் முற்பகலில் வெளியேறிவிடும். எங்கள் வீட்டில் அதை முதலில் காண்பவர்கள் எப்பொழுதும் சிறுவர்களே. முருங்கைக் கிளையில் கூட்டம் கொத்தாகத் தொங்கினால் அஞ்ச வேண்டியதில்லை; அப்பொழுது அவை வயிறு நிறையத் தேன் குடித்துச் சாதுவாக இருக்கும். கூடையில் உதறி, வெற்றுப் பெட்டியில் இட்டு, வேறு பெட்டியிலிருந்து குஞ்சுள்ள சட்டம் ஒன்றையும் வைத்துவிட்டால், பெரும்பாலும் தங்கிவிடும். ஐந்தாவது பெட்டி எங்களுக்கு இவ்வாறு வந்ததுதான்.

தேன் எடுக்க அவசரம் கூடாது. மேலறை அடையின் கண்ணறைகளில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகால் மூடப்பட்டிருந்தால்தான் தேன் முற்றிற்று என்று பொருள். முற்றாத தேனில் நீர் மிகும்; நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற்பட்டால் புளிக்கும். தென்னை நாரைப் புகையவிட்டு ஈக்களை ஒதுக்கி, வெந்நீரில் தோய்த்த கத்தியால் மூடியைச் சீவி, சுழற்றும் கருவியிலிட்டுத் தேனை எடுத்தபின் அடையை அப்படியே திரும்பக் கொடுத்துவிடலாம். வடிகட்ட, கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணியே ஏற்றது. சீவிய மெழுகை வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்து ஆறவிட்டால் மஞ்சள் வில்லையாக மிதக்கும். தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் நூலுக்குத் தேய்க்கக் கேட்டு வாங்குவர்.

வேம்புத் தேனில் இலேசான கசப்பு உண்டு. அது குற்றமன்று. தேன் உறைவதும் கலப்படத்தின் அறிகுறியன்று. தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனைகளை நம்பி ஏமாற வேண்டாம். சர்க்கரைப் பாகு கலந்தோர் அவற்றையெல்லாம் தாண்டிவிடுகிறார்கள். 2020இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைத் தேன் வகைகள் பலவற்றில் இத்தகைய கலப்பைக் கண்டு வெளியிட்டது நினைவிருக்கலாம். இன்னொன்று: பிறந்த குழந்தைக்குச் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதே நலம். எவ்வளவு சுத்தமான தேனாயினும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடாது என்பது மருத்துவர் கருத்து.

முதல் ஆண்டில் நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சித்திரையில் மேலறை வழிய வழியத் தேன் கண்டதும் ஆசை மிகுந்தது. மேலறையை மும்முறை வெறுமையாக்கியதோடு நில்லாமல், கீழறைச் சட்டங்களின் ஓரத்திலிருந்த தேனையும் அறுத்தேன். அதைக் கண்ட என் தாயார், “கன்றுக்கு ஒரு காம்பு விடாமல் கறப்பார்களா, தம்பி?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனி பிறந்தது; பூ ஓய்ந்தது; ஆடிக் காற்று அடித்தது. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்குச் சென்று திரும்பிய மாலை பெட்டியைத் திறந்தேன். ஈ ஒன்றுகூட இல்லை. அடையில் மெழுகு அந்துப்பூச்சியின் புழு வலை பின்னியிருந்தது.

ஒரு பெட்டியில் ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ தேன் கிடைத்தால் நம் சமவெளிப் பகுதிக்கு அது நல்ல பலனே. அதற்குமேல் ஆசைப்பட்டுக் குடும்பத்தை இழந்தால், மறுபடி குடும்பம் கிடைப்பது எளிதன்று. 1991, 1992ஆம் ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி மடிந்தன. பெட்டிகளில் மிகப் பெரும்பான்மை காலியாயின. தப்பிய குடும்பங்களின் வழிவந்தவற்றைக்கொண்டே பலர் தொழிலைத் திரும்பத் தொடங்கினர்.

தோட்டக்கால் உடைய அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். தீவெங்கும் விளையும் வாழைக்குக் காய்பிடிக்கத் தேனீ தேவையில்லை. தேன்தான் அதற்கு வாழைப்பூவில் கிடைக்கிறது. ஆனால் பூசணி, பீர்க்கு, புடல், முருங்கை, எள், தென்னை ஆகியவை தேனீயால் பெறும் நன்மை மிகுதி. பூச்சி மருந்து அடிப்பதாயின், ஈக்கள் கூடடைந்தபின் மாலையில் அடியுங்கள். முதல்நாளே பக்கத்துப் பெட்டிக்காரருக்குச் சொல்லிவிட்டால், மருந்தடிக்கும் வேளையில் அவர் வாயிலை மூடிவைத்துக்கொள்வார்.

இப்பொழுது எங்கள் வீட்டில் வைகாசி நடுவோடு தேனெடுப்பு நின்றுவிடும். கீழறையில் கை வைப்பதில்லை. ஆனியில் பெட்டிக் கால்களின் கிண்ணங்களில் எறும்பு ஏறாதபடி நீர் நிரப்பி, காற்றுக்கு மூடிமேல் கல் வைத்து, அந்தி வேளையில் சமபங்கு சர்க்கரையும் நீரும் கலந்த பாகைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஈ மூழ்காதிருக்கச் சிறு குச்சிகளையும் இட்டு உள்ளே வைக்கிறோம். அந்த வேலையைத் தாயார் வேறு யாரிடமும் விடுவதில்லை.