கண்ணாடித் தொட்டியில் நத்தை வளர்ப்பு

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் அழகிய மீன் தொட்டியொன்றைக் கண்டேன். “ஒரேயொரு நத்தைதான் ஐயா வாங்கினேன், இன்று எண்ணி மாளவில்லை. மிகுதியை வாய்க்காலில் விட்டுவிடலாமா?” என்று அவர் வினவினார். அவ்வினாவிற்கு விடையாகவே இதனை எழுதலானேன்.

நத்தை ஒன்றே பலவாவதில் வியப்பில்லை. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓடுடைய இனத்தில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாம். மணலுக்குள் புதையும் கூம்பு வடிவ நத்தை இணையின்றியே குஞ்சு ஈனும். இரை மிகுந்தால் நத்தையும் மிகும். ஆகையால் மீன்கள் சில நிமிடங்களில் உண்டு தீர்க்கும் அளவே இரையிடுதல் வேண்டும்.

ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தேயாகும். புளிப்புத் தன்மையுள்ள நீரில் ஓடு அரிக்கப்பட்டு வெளிறும். கழுவி உலர்த்திய கிளிஞ்சல் அல்லது முட்டையோட்டுத் துண்டுகளைத் தொட்டியிலிடுவது நலம். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பின்னர் ஊற்றுக. செம்பு நத்தைக்கு நஞ்சு. எனவே செப்புக் குடத்து நீரும், மயில்துத்தம் கலந்த மீன் மருந்தும் ஆகா. நத்தை பாசியைத் தின்னுமெனினும் அதன் கழிவும் நீரைக் கெடுக்கும். வாரந்தோறும் நீரில் கால் பங்கை மாற்றுக. இறந்த நத்தையை உடனே அகற்றுக. தொட்டியில் கையிட்டபின் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது.

இனி, வாய்க்காலைப் பற்றிய வினா. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள் நத்தை, 1980-ஆம் ஆண்டையொட்டி உணவுக்கென்று தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. விலைபோகாமையால் கைவிடப்பட்டும் தப்பியும் நீர்நிலைகளிற் புகுந்தது. பிலிப்பைன்ஸிலும் அவ்வாறே பரவி, இளம் நெல் நாற்றுகளைத் தின்று, உழவர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் இவ்வினத்தைத் தடை செய்தது. நம் வயல் நத்தை ஈரமண்ணில் வெண்ணிற முட்டையிடும். அந்நிய நத்தையோ நீர்மட்டத்திற்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருத்தலும் உண்டு.

ஆதலின் தொட்டி நத்தையையோ, அதன் முட்டையையோ, பாசியையோ நீர்நிலையிற் சேர்க்கலாகாது. மிகுந்தவற்றை நசுக்கி, நீர்நிலைக்கு அப்பால் ஆழப் புதைக்க வேண்டும். தொட்டி நீரையும் வாய்க்காலில் விடாமல் உலர்ந்த நிலத்தில் ஊற்றுக. நண்பர் இதனைக் கேட்டு, அன்றே அவ்வாறு செய்வதாகக் கூறினார்.

தொட்டி ஒருவருடையது, ஏரியோ ஊரார் அனைவருடையது. ஒருவர் விளையாட்டாக விட்ட நத்தை ஊரார் நாற்றங்காலில் மேயுமாயின், அந்நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அங்கத்தினர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.