போர் ஓய்ந்த மண்ணில் மீண்டும் பயிர்

உழவுத் தொழிலின் மேன்மையைத் தனியோர் அதிகாரம் வகுத்துப் போற்றினார் வள்ளுவர். நிலம், நீர், விதை, ஏர், உழைப்பு என்னும் பலவற்றின் கூட்டால் நடைபெறுவது அத்தொழில். வறட்சி இவற்றுள் நீரைப் பறிக்கும். போரோ அனைத்தையும் ஒருங்கே பறித்துவிடும். அவ்வாறு பறிகொடுத்த உழவரை மீண்டும் வயலில் நிலைநிறுத்துவது எங்ஙனம் என்பதை, நம் அண்டை நாடாகிய இலங்கையின் வட மாகாணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

குளமும் போகமும்

மடவார் வளாகம் முதல் இராசபாளையம் வரை மலையடிவாரத்துக் கண்மாய்களை அறிந்த நமக்கு வன்னி நிலம் அயலானதன்று. அங்கும் வடகிழக்குப் பருவமழையே வாழ்வளிக்கிறது. குளங்களே உழவின் உயிர்நாடி. நாம் மடை என்பதை அவர்கள் துருசு என்பர். கண்மாய் நிறைந்து கலுங்கில் நீர் வழிவதைக் 'குளம் வான் பாய்கிறது' என்பர். கிளிநொச்சியின் இரணைமடுக் குளமும், மன்னாரின் கட்டுக்கரைக் குளமும், முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளமும் அவற்றுள் பெயர் பெற்றவை. மாரி மழையைக் கொண்டு விளைவது காலபோகம்; குளத்தில் எஞ்சிய நீரை அளந்து விளைவிப்பது சிறுபோகம்.

1983 முதல் 2009 மே வரை நீடித்த போரில் இம்மக்கள் ஊர்விட்டு ஊர் பலமுறை பெயர்ந்தனர். போர் முடிந்தபின் முகாம்களிலிருந்து திரும்பியோர் கண்டது வரப்பழிந்த வயலும், புதர் மண்டிய வாய்க்காலும், சிதைந்த வீடுமேயாகும். எருதுகளும் மாடுகளும் மடிந்திருந்தன. அல்லது காட்டில் கட்டாக்காலிகளாய்த் திரிந்தன.

முதலில் நிலம்

விதைக்குமுன் தேவைப்படுவது அச்சமின்றிக் கால் வைக்கத்தக்க நிலம். நெடுங்காலம் போர்முனையாக இருந்த முகமாலை போன்ற இடங்களில் வயலிலும் தென்னந்தோப்பிலும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொரு சாணாகத் துருவி எடுக்கவேண்டும். இப்பணி விரைந்து முடிவதன்று. கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் இப்பணியில் ஈடுபட்டனர் என்பதை நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

வெடி அகன்றாலும் உரிமைச் சிக்கல் அகல்வதில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் வளமான செம்மண் நிலங்கள் 1990 முதல் படையினரின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போருக்குப் பின் அவை சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. அதே 1990இன் அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேரளவில், குறுகிய காலக்கெடுவில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் மன்னாரின் முசலிப் பகுதிக்குத் திரும்பியோர் தம் வயல்களைக் காடு மூடியிருக்கக் கண்டனர். 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளில் காப்புக்காடு அறிவிக்கப்பட்டதால், எது காடு, எது கழனி என்னும் வழக்கும் எழுந்தது. உறுதிப்பத்திரம் இல்லாதவனுக்கு வங்கி கடன் கொடாது. கடன் இல்லாதவன் விதைத்தும் பயனில்லை.

அடுத்து நீரும் விதையும்

குளக்கரையைச் சீர்செய்வது பொறியாளர் பணி. ஆனால் நீரைப் பங்கிடுவது ஊரார் பணி. அங்குப் போகத் தொடக்கத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்தி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது என்பதை அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளும் கூடி முடிவு செய்வர். சிதறிய மக்கள் மீண்டும் ஓரிடத்தில் அமர்ந்து இம்முடிவை எடுத்தாலன்றிக் குளத்து நீர் கடைமடை வயலைச் சேராது.

நெல் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது. எனவே உழவன் தன் அறுவடையிலேயே அடுத்த போகத்து விதையை எடுத்துவைக்கலாம். இடப்பெயர்வு முதலில் அறுப்பது இச்சங்கிலியையே. மேலும், அயல்நாட்டிலிருந்து எவ்விதையையும் கொணர்ந்து கொட்டுவது பயன் தராது. மண்ணுக்கும் மழைக்கும் இசைந்த விதையே வேண்டும்.

கம்போடியாவின் வரலாறு இதனை விளக்கும். 1975 முதல் 1979 வரை நடந்த கொடுங்கோலாட்சியில் அந்நாட்டு நெல்வகைகள் பல அழிந்தன. அவற்றுள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவற்றின் விதைகள் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முன்னரே சேமிக்கப்பட்டிருந்தன. 1980களில் அவை தாய்மண்ணுக்குத் திரும்பின. 1982 முதல் 1988 வரை அந்நிலையத்தின் தலைமை இயக்குநராக விளங்கியவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவ்வாறே சிரியாவின் அலெப்போ அருகிலிருந்த விதைக் காப்பகம் போரில் முடங்கியபோது, நார்வேயின் சுவால்பார்டில் பாதுகாக்கப்பட்ட படிகளை 2015இல் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர்.

உதவியும் பருவமும்

மாடில்லா வன்னிக்கு இந்தியா 500 டிராக்டர்களையும், திரும்பிய குடும்பங்களுக்கு 95,000 வேளாண் கருவித் தொகுதிகளையும் வழங்கியது. இவை பெரும் துணையாயின. எனினும் உதவியின் அளவைவிட அது சேரும் காலமே முதன்மையானது. காலபோகத்துக்கு மழைக்கு முன்னரே விதை வந்து சேரவேண்டும். விதைப்பு முடிந்தபின் வரும் விதைநெல் உலையில்தான் ஏறும். பசித்த வீட்டில் அதனைக் குற்றமென்று கூறவும் இயலாது. ஆதலின் விதையோடு, அறுவடை வரையிலான உணவையும் கொடுப்பதே அறிவுடைமை.

மீண்டெழுந்த உழவு மென்மையானது என்பதையும் மறத்தல் கூடாது. 2021இல் இலங்கை அரசு வேதி உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தடை தளர்ந்தபோதும் விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. சேமிப்பு ஏதுமின்றிப் புதிதாகத் தொடங்கிய வன்னி உழவருக்கு அவ்வடி பன்மடங்காயிற்று.

முடிவுரை

நிலம், உரிமை, நீர், விதை, கருவி, கடன், சந்தை ஆகியவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவை வீணாகும் என்பதே வன்னி நமக்குக் கற்பிக்கும் பாடம். இன்றும் உலகின் பல நாடுகளில் போர் வயல்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அம்மக்களுக்காக நம் ஊர்களில் நிதி திரட்டும் பெரியோர், அரிசி மூட்டையோடு நின்றுவிடாது, அந்நாட்டு விதைப்புப் பருவம் எப்பொழுது என்றும் கேட்டறிதல் வேண்டும். மாணவ மணிகள் விதைகளைப் பற்றியும் நிலச் சட்டங்களைப் பற்றியும் கற்றல் வேண்டும். பிறர் கையை எதிர்பாராது தன் வயலில் தான் விளைத்ததை உண்ணும் நிலையை ஓர் உழவனுக்கு மீட்டுத் தருவதே முழுமையான உதவியாகும்.