கல்லாறு தாண்டியதும் பானெட் திறக்கும்

எண்பதுகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து அம்பாசடரில் ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு அந்த வாசனை மறந்திருக்காது. கல்லாறு தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் சூடான ரப்பரும் ஆயிலும் ஆவியும் கலந்து காருக்குள் வரும். அப்பா டாஷ்போர்டை ஒருமுறை பார்ப்பார். அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்குவார். "டேய், மூடியத் தொடாத. கொதிக்குது." டிக்கியில் இருக்கும் கோணிச் சாக்கை நனைத்து ரேடியேட்டர் மூடிமேல் போட்டுக் கால் திருகு திருகுவார். உஸ்ஸென்று ஆவி அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு எஞ்சினை ஓடவிட்டபடியே கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் பிளாக் விரிசல் விடும்.

காரணம் எளிது. மலையில் வண்டி ஊர்கிறது, 1,489 சிசி எஞ்சினோ முழு மூச்சாக உழைக்கிறது. முன்னால் மோதும் காற்று அந்தச் சூட்டுக்குப் போதாது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

அந்தக் கால டிரைவர்கள் இதற்குக் கைவைத்தியம் வைத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். பானெட்டை முழுதாக மூடாமல் கொக்கியில் மட்டும் நிற்கவிட்டு, இரண்டு விரல் இடைவெளியோடு மலையேற்றுவார்கள். அது ஆபத்தான வேலை. ஆனால் அதில் ஒரு சரியான அறிவு இருந்தது: உள்ளே போன காற்று வெளியே போக வழி வேண்டும். அதற்கும் முந்தைய 1920, 30-களின் கார்களில் பானெட்டின் இரு பக்கமும் வரிசையாகக் கீற்றுகள் வெட்டியிருப்பார்கள். பின்னால் வந்த வழுவழுப்பான உருவங்களில் அந்தக் கீற்றுகள் காணாமல் போயின.

1983-இல் மாருதி 800 வந்தது. சூடு ஏறினால் தானே ஓடும் மின்விசிறி, கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீருக்குப் பதில் கூலன்ட். மூடிக்குள் அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் ஏறும். இன்றைய கார்களில் கூலன்ட் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காது. ஒரு தலைமுறையே பானெட்டைத் திறக்காமல் ஊட்டிக்குப் போய்வரப் பழகிவிட்டது.

இன்று பானெட்டை மறுபடி நினைக்கிறவர்கள் வேறு ஆட்கள். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுச் சுற்றாக ஓட்டுகிறவர்கள், டர்போ எஞ்சினில் கூடுதல் சக்தி ஏற்றியவர்கள். இவர்களுக்குச் சூடு இன்னும் பிரச்சினைதான். அதனால் பானெட்டை வெட்டுகிறார்கள். பாதிப் பேர் தவறான இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதல் குழப்பம், திமிலையும் துவாரத்தையும் ஒன்றென நினைப்பது. 2009-இல் இங்கே வந்த டொயோட்டா ஃபார்ச்சூனரின் பானெட்டில் ஒரு திமில் இருந்தது. அது காற்றை உள்ளே வாங்கி, எஞ்சினுக்கு மேலே படுத்திருந்த, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கொடுத்தது. அடுத்த தலைமுறை ஃபார்ச்சூனரில் இன்டர்கூலர் முன்பக்கம் போனது, திமிலும் போய்விட்டது. ரேடியேட்டர் சூட்டுக்கு வேண்டியது காற்றை வெளியே விடும் துவாரம். சந்தையில் வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் திமிலால் இரண்டு வேலையும் நடக்காது.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது. கீல்களுக்கு அடியில் வாஷர் போட்டு பானெட்டின் பின்பக்கத்தை உயர்த்துவது. வண்டி நிற்கும்போது அந்த இடைவெளியில் சூடு எழும்பிப் போவது உண்மை. அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். ஓடும்போது காற்று கண்ணாடியின் அடிவாரத்தில் மோதித் தேங்கி, அங்கே அழுத்தம் கூடுகிறது. வைப்பருக்குக் கீழே கறுப்புச் சல்லடை இருக்கிறதல்லவா, காருக்குள் வெளிக்காற்றை எடுப்பதற்கு அதை அங்கே வைத்திருப்பதே இந்த அழுத்தத்தை நம்பித்தான். அந்த இடத்தைத் திறந்துவிட்டால் வேகத்தில் காற்று எஞ்சின் அறைக்குள் புகும். ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறினால் அதன் வழியாக வரும் காற்று குறையும்.

நண்பர் ஒருவர் தன் டிராக் காரின் பானெட்டை வெட்டுவதற்கு முன், கம்பளி நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பானெட் முழுக்க டேப்பால் ஒட்டினார். இன்னொரு காரிலிருந்து செல்போனில் படம் பிடித்தோம். முன்பக்க நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோல் படிந்து கிடந்தன. கண்ணாடியை நெருங்கிய நூல்கள் கூத்தாடின. முன்விளிம்பைத் தாண்டிக் காற்று வளைந்து ஏறும் இடத்தில்தான் அழுத்தம் குறைவு, அங்கேதான் உள்சூட்டை உறிஞ்சி எடுக்கும். ரேடியேட்டருக்கு நேர் பின்னால், பானெட்டின் முன்பாதியில்.

பட்டறையில் டிங்கர் முதலில் பானெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடிச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் வரைந்துகொண்டார். சட்டத்தையும் பூட்டுப் பகுதியையும் தொட்டால் பானெட் வலுவிழந்து ஓட்டத்தில் பறக்கும். துவாரத்தின் முன்விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்தார். காற்று அதில் மோதித் தாவும்போது பின்னால் அழுத்தம் இன்னும் குறையும். அதோடு, ரேடியேட்டரின் ஓரச் சந்துகளை ஃபோம் வைத்து அடைத்தார்கள். உள்ளே வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினால் துவாரம் வெட்டியும் பயனில்லை.

சாலையில் ஓடும் காருக்கு இந்த ஃபோம் வேலையும் சுத்தமான ரேடியேட்டரும் பெரும்பாலும் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியது. பாதசாரியின் தலை மோதினால் அமுங்கும்படி பானெட்டை வடிவமைக்கும் காலம் இது. விளிம்பு கூரான ஓட்டையோடு அந்த டிராக் கார் தெருவில் போகக் கூடாது.

பானெட் வெட்டிய அன்று அப்பாவையும் பட்டறைக்கு அழைத்துப் போயிருந்தேன். வெட்டிய பானெட்டை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டார்கள். மின்விசிறி ஓடத் தொடங்கியதும் அப்பா துவாரத்துக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அனல் பட்டதும் எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு டிங்கரிடம் கேட்டார்.

"தம்பி, மழ பேஞ்சா தண்ணி எங்க உழுகும்?"

"ஆல்டர்னேட்டர் மேலதானுங்கப்பா. அதுக்குத்தான் அடியில தகரம் வெச்சிருக்கறனுங்க, இங்க பாருங்க."

அப்பா விரலை விட்டுத் தகரத்தின் சரிவைத் தடவிப் பார்த்தார்.