பெர்த் என்றால் படுக்கை மட்டுமா?

‘கிவ் எ வைட் பெர்த்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. பெர்த் என்றதும் நம்மவர்களுக்கு ரயில்தான் நினைவுக்கு வரும்: லோயர், மிடில், அப்பர். அந்த ஞாபகத்தில் மொழிபெயர்த்தால், யாருக்கோ அகலமான படுக்கை ஒதுக்கிக் கொடுப்பதாக ஆகிவிடும். உண்மையான பொருள்: ஒருவரையோ ஒன்றையோ நெருங்காமல் நன்றாகத் தள்ளியே இருப்பது.

வழக்கு பிறந்த இடம் கடல். 17-ம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகள், கப்பல் எதிலும் இடிபடாமல் திரும்புவதற்குத் தேவையான நீர்ப்பரப்பை பெர்த் என்றார்கள். பிறகு கப்பல் நிற்கும் இடம், மாலுமி படுக்கும் இடம் என்று பொருள் சுருங்கி, கடைசியில் ரயிலேறியது அந்தச் சொல்.

நிற்கும் கப்பலுக்கு ஏன் அவ்வளவு இடம்? நங்கூரமிட்ட கப்பல் சும்மா நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் திசை மாறினால் அதுவும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும். 150 மீட்டர் நீளக் கப்பல், 100 மீட்டர் சங்கிலியில் நின்றால், அதன் பின்பகுதி சுமார் 250 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போடக்கூடும். அதற்குள் இன்னொரு கப்பல் இருந்தால் மோதல்தான். பாறைகளைக் கடக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை: காற்று தள்ளினால் சமாளிக்க இடம் வேண்டும்.

நவீனக் கருவிகள் வந்தும் இந்தப் பாடம் பழசாகவில்லை. 2012 ஜனவரி 13 இரவு, 4,200-க்கும் அதிகமானவர்களுடன் சென்ற ‘கோஸ்டா கான்கார்டியா’ சொகுசுக் கப்பலை, இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு ‘சல்யூட்’ வைப்பதற்காகக் கரையை ஒட்டிச் செலுத்தினார் கேப்டன். பாறை கப்பலைக் கிழித்தது. 32 பேர் பலியானார்கள். 2015-ல் கேப்டனுக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

‘துஷ்டனைக் கண்டால் தூர விலகு’ என்கிறது நம் பழமொழி. ஆங்கில வழக்கில் எதிரே இருப்பவர் துஷ்டனாக இருக்க வேண்டும் என்றில்லை. கோபத்தில் இருக்கும் மேலதிகாரியாகவோ, கடன் கேட்கும் நண்பராகவோ இருக்கலாம். மாலுமிக்குப் பாறையோடு பகை ஏதும் கிடையாது. காற்று எப்போது மாறும் என்பது மட்டும்தான் அவர் கவலை.