கோவிந்த மலையின் உச்சியிலே

கல்முனைக் கடற்கரையிலே நிற்பவர்க்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். அவ்வயல்களுக்கும் அப்பால், வானம் தெளிந்த நாட்களிலே, மங்கிய நீலக் கோடாக மலைகள் தோன்றும். கடலை நம்மவர் நன்கறிவர். அதன் நீரோட்டத்தையும் காற்றையும் பெயர் சொல்லி அழைப்பர். மலைகளையோ அவ்வாறு அறிந்தாரல்லர். வட்டைக்குத் தண்ணீர் அத்திசையிலிருந்து வருகின்றது, சிறுபோகக் காலத்துக் கச்சானும் அத்திசையிலிருந்தே வீசுகின்றது என்ற அளவிலே அவ்வறிவு நின்றுவிடுகின்றது. இக்குறையைப் போக்க விரும்புவோர் ஏறிப் பார்க்கத்தக்க சிகரம் ஒன்று உண்டு. அதுவே கோவிந்த ஹெல.

அம்பாறையிலிருந்து தமணை வழியாகச் சியம்பலாண்டுவைக்குச் செல்வோர் கண்ணுக்கு இம்மலை தப்புவதில்லை. மொனராகலை மாவட்டத்து எல்லைக்குள்ளே, காட்டின் நடுவே, தன்னந்தனியாக அது நிமிர்ந்து நிற்கின்றது. உயரம் 558 மீற்றர். ஏறத்தாழ 1,830 அடி. மலைநாட்டுச் சிகரங்களோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆயினும் சமவெளியிலிருந்து திடீரென எழுவதால் அதன் தோற்றம் பெரிதாகின்றது. சுற்றியிருந்த மண்ணும் மெலிந்த பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போக, வலிய கருங்கல் மட்டும் எஞ்சியதே இத்தகைய மலைகளின் வரலாறு. ஆங்கிலேயர் இதன் வடிவத்திலே இலண்டன் மாநகரத்துப் பெருந்தேவாலயத்தைக் கண்டு, "வெஸ்ட்மின்ஸ்டர் அபே" என்று பெயரிட்டனர். ஊரவர் வழங்கிய பழம்பெயரோ அதனினும் பல நூற்றாண்டு மூத்தது.

ஏறுவோர் விடியற்காலையிலே புறப்படுதல் நன்று. வெயில் ஏறிய பின் பாறை கொதிக்கும். மாரி காலத்திலோ வழுக்கும். யானைகள் நடமாடும் காடாதலால், வழியறிந்த ஊரவர் ஒருவரின்றிச் செல்லுதல் தகாது. அடிவாரத்திலே பாலையும் வீரையும் கருங்காலியும் செறிந்த நிழல். மேலே போகப் போக மரங்கள் குறுகிப் பாறை தலைகாட்டும். செங்குத்தான இடத்திலே ஏணியின் துணையோடுதான் ஏற வேண்டும். மூச்சு வாங்கும் அவ்விடத்திலே, இம்மலையை ஒருவன் ஏன் அரணாகத் தேர்ந்தான் என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

1215-ஆம் ஆண்டிலே கலிங்க நாட்டு மாகன் பெரும்படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அப்போது சிங்களத் தலைவர் சிலர் எளிதில் அணுக முடியாத மலைகளிலே அரண் அமைத்துக்கொண்டனர். சுபன் என்னும் சேனாதிபதி யாப்பகூவாவிலே தங்கினான். புவனேகபாகு என்னும் ஆதிபாதன் உறுகுணையிலே கோவிந்த மலைமீது நகரமைத்து, மக்களையும் சங்கத்தையும் காத்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அம்மலை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். உச்சியிலே காணப்படும் செங்கற் சிதைவுகளும் பாறையிலே வெட்டிய படிகளும் நீர்க் குளங்களும் அக்கூற்றுக்குத் துணை நிற்கின்றன.

இங்கே நம் பகுதியார் சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சூளவம்சத்திலே அழிவு செய்தவனாக வரும் அதே மாகன், 1962-இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலே மாகோன் என்ற பெயரோடு, ஊர்களுக்கும் கோயில்களுக்கும் ஒழுங்கு வகுத்த அரசனாகக் காட்சி தருகின்றான். மலைமேல் ஒளிந்தவர்க்கு அவன் கொடியவன். கடற்கரையிலே வாழ்ந்தவர்க்கு முறை செய்தவன். இரு நூல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்போரே அக்காலத்தை ஓரளவேனும் அறிவர்.

எத்துணை வலிய அரணாயினும் தண்ணீரின்றி ஒரு திங்களும் தாங்காது. கற்குளங்களிலே தேங்கிய மழைநீரே புவனேகபாகுவின் கூட்டத்தைக் காத்திருக்கும். அக்குளங்களின் அருகே நின்று நோக்கினால், கிழக்கே கடல் ஒரு வெள்ளிக் கீற்று. வடக்கே, காட்டுக்கு நடுவே, சேனநாயக்க சமுத்திரம். பட்டிப்பளையாற்றை இங்கினியாகலையிலே மறித்துக் கட்டிய இந்நீர்த்தேக்கம் 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ள வல்லது. 1949-இலே தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் உயிர்நாடி அது. அதன் நீரேந்து காட்டைக் காப்பதற்காகவே 1954-இல் கல்லோயாத் தேசியப் பூங்கா ஏற்பட்டது. பரப்பு ஏறத்தாழ 64,000 ஏக்கர். கடுக்காய், தான்றி, நெல்லி என்னும் திரிபலை மரங்கள் அங்கே இயற்கையாகவே வளர்கின்றன. தனிகல மலையிலே வாழ்ந்த வேடர்களைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட நூல் இன்றும் கற்போர்க்கு விருந்தாகும்.

அக்காடு மழையை வாங்கி, மண்ணைப் பிடித்து, நீரைச் சிறிது சிறிதாக விடுகின்றது. காடு வெட்டப்பட்டால் மழை பெய்த அன்றே வெள்ளம் புரண்டோடும். கூடவே மண்ணும் போய் நீர்த்தேக்கத்தின் அடியைத் தூர்க்கும். அதன் விளைவை முதலிலே உணர்பவர் வாய்க்காலின் தலைப்பிலுள்ளவர் அல்லர். கடைமடையிலே வேளாண்மை செய்யும் நம் மக்களே. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கதிர் பால்பிடிக்கும் வேளையிலே தண்ணீர் வற்றினால், போடியாரும் முல்லைக்காரரும் ஒன்றாகவே தலையிற் கைவைக்க நேரும். காட்டு மரத்தின் மீது விழும் கோடரி, நாற்பது மைல் தொலைவிலுள்ள உலைப்பானையிலும் விழுகின்றது.

நம் பாடசாலைகள் மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும்போது கண்டியையும் நுவரெலியாவையும் மறப்பதில்லை. கோடை விடுமுறையிலே ஒருநாளை இம்மலைக்கும் ஒதுக்கலாம். சரித்திர ஆசிரியரும் பூமிசாத்திர ஆசிரியரும் உடன் செல்லட்டும். போகும்போது போதிய தண்ணீர் கொண்டு செல்க. திரும்பும்போது ஒரு காகிதத் துண்டையும் அங்கே விட்டு வராதிருப்பீர்களாக.